ஒற்றியூர்ப் பூமண்டபமும் வாடாமல்லியும்

சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாறு ஒரு நந்தவனத்தில் தொடங்குகிறது. திருக்கயிலையில் இறைவனுக்கு மலர் கொய்யச் சென்ற ஆலாலசுந்தரரும், அம்மைக்கு மலர் கொய்ய வந்த கமலினி, அநிந்திதை என்னும் சேடியர் இருவரும் அங்கே ஒருவரையொருவர் கண்டு மனம் தடுமாறினர். அதன் பயனாக மூவரும் மண்ணுலகில் பிறக்க நேர்ந்தது. கமலினியார் திருவாரூரில் பரவையாராக வந்தார். அநிந்திதையார் தொண்டை நாட்டில், இன்றைய வடசென்னைக்கு அப்பால் உள்ள ஞாயிறு என்னும் ஊரில் சங்கிலியாராக அவதரித்தார்.

உலக வாழ்வில் நாட்டமின்றி வளர்ந்த அப்பெண்ணைப் பெற்றோர் திருவொற்றியூருக்கு அழைத்து வந்து, கன்னிமாடம் அமைத்து, அங்கே இருந்து இறைவனுக்குத் தொண்டு செய்யுமாறு விட்டுச் சென்றனர். சங்கிலியார் தேர்ந்துகொண்ட தொண்டு எது என்பதைச் சேக்கிழார் பெருமான் தெளிவாகச் சொல்கிறார். அவர் பூமண்டபத்தில் திரைக்குப் பின்னே அமர்ந்து மாலை தொடுத்தார். முற்பிறவியில் எந்தக் கைகள் பூக்கொய்தனவோ, அதே கைகள் இப்பிறவியில் பூத்தொடுத்தன. தொடுத்த மாலையைக் கொடுப்பதற்காகத் திரை விலகிய ஒரு கணத்தில்தான் சுந்தரர் அவரைக் கண்டார் என்பதும், பிறகு மகிழமரத்தின் அடியில் 'பிரியேன்' என்று சூளுரைத்து மணந்தார் என்பதும் அன்பர்கள் அறிந்த வரலாறு. அந்தச் சூளுறவைத் தவறி அவர் ஒற்றியூர் எல்லையைக் கடந்தபோது இரு கண்களின் ஒளியும் மறைந்தது. பூவில் தொடங்கிய உறவுக்கு மரமே சாட்சியாக நின்றது.

இன்றும் மாசிப் பெருவிழாவில் நிகழும் மகிழடி சேவையைக் காணத் திருவொற்றியூரில் கூட்டம் நிறைகிறது. வந்தவர் பலர் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் சிறு பூ ஒன்றேனும் கிடைக்குமா என்று பார்த்துச் செல்வதுண்டு. ஆனால் அந்த ஊரிலும், அதன் தெற்கே இராயபுரத்திலும், வடக்கே எண்ணூரிலும் வாழும் முதியோர் பலருக்கு ஒரு மனக்குறை உண்டு. பூவைப் பற்றிய குறைதான் அது. இறைவனுக்குச் சாத்தும் பூவைத் தம் கையால் வளர்த்துப் பறித்த காலம் போய், உறையில் அடைத்து விற்கும் பூவை வாங்கிச் சாத்தும் காலம் வந்துவிட்டது. காலையில் வாங்கியது மாலைக்குள் கறுத்துவிடுகிறது. பறித்தவர் நீராடிப் பறித்தாரா, பறித்து எத்தனை நாளாயிற்று என்று யாரிடம் கேட்பது?

பழங்காலத்தில் இக்கேள்விக்கே இடமில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் இறைவனுக்குச் சாத்தும் மாலைக்குத் 'திருப்பள்ளித்தாமம்' என்று பெயர். கோயிலின் பூந்தோட்டம் 'திருநந்தவனம்'. அதன் பராமரிப்புக்காக எழுதி வைக்கப்பட்ட நிலம் 'திருநந்தவனப்புறம்'. தோட்டத்தில் மண் கொத்துவோருக்கும் பூக்கொய்வோருக்கும் தொடுப்போருக்கும் நாள்தோறும் இத்தனை நெல், ஆண்டுக்கு இத்தனை புடைவை என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். விளக்குக்கு ஆடுகளைக் கொடுத்த அதே கவனத்தோடு பூவுக்கு நிலத்தைக் கொடுத்தார்கள். மாலைக்குரிய பூ கோயிலுக்கு அருகிலேயே, தொண்டு செய்வோரின் கண்ணெதிரிலேயே விளைந்தது.

பிற்காலத்தில் பட்டணம் வளர்ந்தபோது பூ சந்தைக்கு வந்தது. ஜார்ஜ் டவுனில் 'பூக்கடை' என்பது ஒரு வட்டாரத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. காவல் நிலையத்துக்கும் அதுவே பெயர். பத்ரியன் தெருவில் பூ வாங்கி வீடு திரும்பிய நினைவு இராயபுரத்து மூத்த குடும்பங்கள் பலவற்றில் உண்டு. 1996-இல் மொத்த வணிகம் கோயம்பேட்டுக்குச் சென்றபின் வடசென்னைக்குப் பூ இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியே வருகிறது. திண்டுக்கல் பக்கமிருந்தும் ஓசூர் பக்கமிருந்தும் இரவெல்லாம் பயணம் செய்து கோயம்பேட்டில் இறங்கி, அங்கிருந்து சிறு வணிகர் கைக்கு மாறித் தெருமுனைக்கு வருவதற்குள் மலரின் வாழ்நாளில் பாதி கழிந்துவிடுகிறது. முகூர்த்த நாளிலும் ஆடி வெள்ளியிலும் அதன் விலையைக் கேட்டாலே ஓய்வூதியக்காரருக்கு மூச்சு முட்டும்.

இதற்கு வழி உண்டா? சிறிய அளவில் உண்டு. மாடியிலோ, வெயில் விழும் பலகணியிலோ, வாசல் திண்ணையின் ஓரத்திலோ பத்துப் பன்னிரண்டு தொட்டிகளில் பருவப் பூச்செடிகளை வளர்ப்பதே அது. விதைத்த மூன்றாம் மாதத்தில் பூத்து, ஓரிரு மாதம் கொடுத்து, விதையை விட்டுவிட்டு முடிந்துபோகும் செடிகள் இவை. எழுபது வயதில் ஒருவர் நாகலிங்க மரம் நட்டால் அது பூப்பதைப் பேரன் பார்ப்பான். வாடாமல்லி நட்டால் அவரே பார்க்கலாம்.

திருப்புகலூரில் பூத்தொண்டு செய்த முருக நாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலர்களையும் வைகறையில் நீராடிக் கொய்து வந்து, வகைவகையான மாலைகளாகக் கட்டிச் சாத்தினார் என்கிறது பெரியபுராணம். மரக்கிளையில் பூப்பது கோட்டுப்பூ. திருவொற்றியூரின் மகிழம் அவ்வகை. கொடிப்பூவுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பௌர்ணமி வெள்ளியில் வடிவுடை அம்மனைத் தரிசித்த கையோடு கொடியிடை அம்மனைத் தரிசிக்க அன்பர்கள் செல்லும் திருமுல்லைவாயில், தொண்டைமானின் யானைக் காலைச் சுற்றிய முல்லைக்கொடியால் பெயர் பெற்ற தலமே. நீர்ப்பூவுக்குக் குளம் வேண்டும். எஞ்சியது நிலப்பூ. மரமும் பந்தலும் குளமும் இல்லாத வீட்டாருக்கு இறைவன் விட்டுவைத்த வகை அது என்று கொள்ளலாம்.

நிலப்பூக்களுள் துறைமுகத்து வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் ஈடுகொடுக்கக்கூடியவை சிலவே. சாமந்திக்கு ஓசூரின் குளிர்ச்சி பிடிக்கும். இங்கே அது தயங்கியே பூக்கும். காசித்தும்பை அழகாக வரும், ஆனால் தண்ணீர் ஒரு வேளை தவறினால் துவண்டுவிடும். துலுக்கச் சாமந்தி நன்றாக வரும். எல்லாவற்றிலும் உறுதியானவை வாடாமல்லியும் கோழிக்கொண்டையும்தான். வெயில் எவ்வளவு காய்ந்தாலும் அவற்றுக்கு மகிழ்ச்சியே.

வாடாமல்லி ஏன் வாடுவதில்லை என்பது அறியத்தக்க செய்தி. கத்தரிப்பூ நிற உருண்டையாக நாம் காண்பது உண்மையில் இதழ்கள் அல்ல. பூவைத் தாங்கி நிற்கும் செதில்கள் அவை. தொடக்கம் முதலே காகிதம் போல் உலர்ந்த தன்மை உடையவை. உண்மையான மலர் அச்செதில்களின் இடையே வெண்மையாகவோ மஞ்சளாகவோ சிறு புள்ளியாக எட்டிப் பார்க்கும். உற்று நோக்கினால் தெரியும். இழப்பதற்கு நீர் அதிகம் இல்லாததால் சுருங்குவதற்கும் எதுவும் இல்லை. அதன் நிறமும் ரோஜாவின் நிறத்தைச் சேர்ந்ததன்று. பீட்ரூட் கிழங்கில் உள்ள நிறத்தின் இனத்தைச் சேர்ந்தது. கோழிக்கொண்டையும் அப்படியே. இவ்விரண்டும் முளைக்கீரை, தண்டுக்கீரை ஆகியவற்றின் குடும்பத்தில் பிறந்தவை என்றால் வியப்பாக இருக்கும். கோழிக்கொண்டையின் விதையைக் கீரை விதையின் அருகில் வைத்தால் பாட்டிமாருக்கே ஐயம் வரும். இரண்டும் அதே மினுமினுக்கும் கருமை.

இங்கே ஆசாரமுள்ள குடும்பங்களில் ஒரு கேள்வி எழும். வாடாமல்லிக்கு மணம் இல்லையே, அது பூஜைக்கு ஆகுமா? மேலும் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. துலுக்கச் சாமந்தியும் மெக்சிகோ நாட்டைப் பூர்விகமாகக் கொண்டது. ஆகமங்கள் எழுந்த காலத்தில் இவ்விரண்டும் இம்மண்ணில் இல்லை. மணமற்ற மலரை அர்ச்சனைக்குக் கொள்ளாத வீடுகள் உண்டு. அவ்வீட்டார் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. அவர்கள் வாடாமல்லியைத் தோரணத்துக்கும் படங்களுக்கும் கோலத்தின் நடுவிலும் வைக்கலாம், அர்ச்சனைக்குத் துளசியோ வில்வமோ அரளியோ கொள்ளலாம். ஆனால் தமிழகத்துக் கோயில் வாசல்களில் விற்கும் மாலைகளைப் பார்த்தால் வழக்கம் இக்கேள்விக்கு எப்போதோ விடை சொல்லிவிட்டது தெரியும். மாலையின் இடையிடையே வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் வைத்துக் கட்டாத பூக்கடை அரிது. தோவாளையிலிருந்து ஓணத்துக்காக மலையாள நாட்டுக்கு மூட்டை மூட்டையாகச் செல்வதும் இவைதான். வெளியூரிலிருந்து வந்த பெண் நம் வீட்டு மருமகளாகிவிட்டதைப் போன்றது இது. இனி அவளிடம் ஊர்ப்பெயர் கேட்டுக்கொண்டிருப்பதில் பொருளில்லை. ஐயம் தீராதவர்கள் தம் குலதெய்வக் கோயில் குருக்களையோ பட்டரையோ ஒரு சொல் கேட்டுக்கொள்வது நல்லது.

வளர்க்கும் முறைக்கு வருவோம். வடசென்னையில் மற்ற எதையும் விட முதலில் கவனிக்க வேண்டியது உப்பு. கடலோரத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் நீர் கரிக்கிறது. மீஞ்சூர் வரை நிலத்தடியில் கடல்நீர் ஊடுருவிய செய்தி பல பத்தாண்டுகளாகவே பேசப்பட்டு வருகிறது. கரிக்கும் நீரை ஊற்றினால் இலையின் ஓரம் முதலில் கருகும், பிறகு தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும். அது எருக்குறை என்று எண்ணி மேலும் உரமிட்டால் செடி போய்விடும். குடிநீர் வாரியத்தின் நீரோ பிடித்து வைத்த மழைநீரோ சிறந்தது. உப்பிடாத அரிசி களைந்த நீரும் ஆகும். வீட்டில் நீர் வடிகட்டும் கருவி இருந்தால் அதிலிருந்து கழிவாக வெளியேறும் நீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனம் போலத் தோன்றும். அது கூடாது. வடிகட்டியபோது பிரிந்த உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான்.

மண் கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு எருவோ மண்புழு உரமோ ஒரு பங்கு. கடற்கரை மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று அதை அள்ளி வரலாகாது. தென்னை நார்க்கழிவு சேர்ப்பவர்கள் அதை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிப் பிழிந்து சேர்க்க வேண்டும், அதிலும் உப்பு இருக்கும். தொட்டியின் அடியில் நீர் வடிய ஓட்டை இருக்கட்டும். மாதம் ஒரு முறை தொட்டி நிறைய நல்ல நீர் ஊற்றி அடிவழியே வடியவிட்டால் தங்கிய உப்பு இறங்கிவிடும்.

அடுத்தது தூசி. 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நிறுத்தப்படும் வரை, இராயபுரத்தில் கொடியில் காயும் வேட்டியும் செடியில் பூக்கும் மலரும் ஒரே கருமையைச் சுமந்தன. நிலக்கரி அதன்பின் எண்ணூருக்குச் சென்றது. ஆகவே அத்துயரம் வடக்கே நகர்ந்தது என்றே சொல்ல வேண்டும். அனல்மின் நிலையங்களின் சாம்பலும் சரக்கு வண்டிகள் கிளப்பும் புழுதியும் படியும் தெருக்களில் வாரம் இருமுறையேனும் காலை வேளையில் இலைகளின் மேல் நீர் தெளித்துக் கழுவிவிட வேண்டும். கடற்காற்று நேராக அறையும் கிழக்குச் சுவரை விட அதன் மறைவில் உள்ள மேற்குப் பக்கம் செடிக்கு இதமானது. வெயில் மட்டும் நாளுக்கு ஆறு மணி நேரமாவது விழ வேண்டும்.

விதைக்கும் நாளுக்குத் திருவொற்றியூர்க் கோயிலின் திருநாட்களையே நாள்காட்டியாகக் கொள்ளலாம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் ஆதிபுரீஸ்வரரின் கவசம் களையப்பெற்று, புனுகு சாம்பிராணித் தைலக் காப்பு நிகழ்கிறது. ஆண்டு முழுவதும் கவசத்துள் இருக்கும் பெருமானைக் காண ஊர் திரளும் நாட்கள் அவை. அந்நாட்களில் விதையை ஊன்றினால், மார்கழி, தை என இரு பௌர்ணமிகள் கடந்து மூன்றாவதான மாசிப் பௌர்ணமி வரும்போது ஏறக்குறைய எண்பத்தெட்டு நாட்கள் ஆகியிருக்கும். வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் நிறையப் பூக்க அவ்வளவு காலமே வேண்டும். மகிழடி சேவை நிகழும் மாசிப் பெருவிழாவுக்கு வீட்டுப் பூ தயாராகிவிடும்.

கார்த்திகை மாதம் மழைக்காலம் ஆயிற்றே என்று கேட்கலாம். ஆம், ஆகவே நாற்றங்கால் மழைநீர் தாக்காத கூரையின் கீழ் இருக்க வேண்டும். அகன்ற மண்சட்டியோ பழைய தட்டோ போதும். வாடாமல்லி விதை பஞ்சு போன்ற உறைக்குள் இருக்கும். ஓர் இரவு நீரில் ஊறவைத்து மறுநாள் விதைத்து, விரல் நகக் கனத்துக்கு மண் தூவ வேண்டும். கோழிக்கொண்டை விதை மிகச் சிறிது. அதை மணலோடு கலந்து மேலாகத் தூவி, மண் மூடாமல் கையால் மெல்ல அழுத்தி விட்டால் போதும். குழாய் நீரைப் பாய்ச்சினால் விதையெல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கிவிடும், தெளிக்கவே வேண்டும். இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். நான்கைந்து இலை விட்டு, மார்கழியின் இறுதியில் மழை ஓய்ந்தபின், ஒரு தொட்டிக்கு ஒரு நாற்று வீதம் மாலை வேளையில் நட வேண்டும். அகன்ற தொட்டியானால் ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்று. வாடாமல்லி ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ள மனம் வராது. கிள்ளாவிட்டால் ஒரே தண்டாக உயர்ந்து காற்றில் சாயும். கிள்ளினால் பக்கக் கிளைகள் விட்டுப் புதர் போலாகும், பூவும் பெருகும். கொண்டை வடிவில் பூக்கும் கோழிக்கொண்டையைக் கிள்ளக் கூடாது. அதன் அழகெல்லாம் நடுக்கொண்டையில்தான் இருக்கிறது.

மாவுப்பூச்சி வந்தால் சிறிது வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளிக்கலாம். மறுநாள் பறிக்கும் பூவை நீரில் அலசிவிட வேண்டும்.

முதியோர் ஒன்றை மறக்கலாகாது. தொட்டிகளைத் தரையில் வைத்துக் குனிந்து நிமிர்வதை விட, இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகையோ செங்கல் மேடையோ அமைத்து அதன்மேல் வைப்பது நல்லது. நீர் நிறைந்த வாளியோடு மொட்டைமாடிப் படி ஏறும் துணிச்சல் வேண்டா. மாடியிலேயே ஒரு பாத்திரத்தில் நீர் நிறைத்து வைக்குமாறு பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, சிறு சொம்பால் எடுத்து ஊற்றலாம். பேரப்பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு ஆளுக்கொரு தொட்டியைப் பெயர் சொல்லிக் கொடுத்துவிடுவது இன்னும் எளிது.

பூக்கொய்யும் முறையை நாயன்மார் வரலாறுகளே கற்பிக்கின்றன. வைகறையில் நீராடியபின் கொய்ய வேண்டும், அந்தி சாய்ந்தபின் கொய்யலாகாது. இறைவனுக்கென்று எடுத்ததை முகரக்கூடாது என்பதற்குத் திருவாரூரில் கழற்சிங்கரின் பட்டத்தரசிக்கு நேர்ந்ததே சான்று. அந்தக் கடுமை இக்காலத்தில் கேட்கவே அச்சம் தருகிறது. ஆனால் பூமண்டபத்தில் விழுந்த ஒரு பூவுக்கு அக்காலத்தார் கொடுத்த மதிப்பு அதில் தெரிகிறது. வாடாமல்லியைக் கையால் இழுத்துப் பறித்தால் கிளையே முறியும். சிறு கத்தரியால், இரண்டு இலைக்கணுவுக்கு மேலே வெட்டினால் அந்தக் கணுவிலிருந்து மீண்டும் கிளைக்கும். காம்போடு வெட்டியதைப் பூஜையறைச் சொம்பில் நீர் மாற்றி மாற்றி வைத்தால் ஒரு வாரத்துக்கு மேலும் பொலிவோடு நிற்கும்.

இனி உலர்த்துதல். மாசி, பங்குனியில் ஒரு வீட்டின் தேவைக்கு மேல் பூத்துவிடும். அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தது போக மிஞ்சியதைச் செடியிலேயே வீணாக விடாமல் உலர்த்தலாம். உருண்டை முழுதாகத் திரண்டு நிறம் ஏறியபின், பனி காய்ந்த முற்பகலில், ஒரு முழ நீளக் காம்போடு வெட்டி, இலைகளை உருவிவிட்டு, எட்டுப் பத்துத் தண்டுகளை ஒரு நூலால் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். தலைகீழாக என்பதற்குக் காரணம் உண்டு. நேராக வைத்தால் காம்பு காயும்போதே பூவின் கனத்தால் வளைந்துவிடும். இடம் வெயில் படாததாகவும் காற்றோட்டம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். வெயிலில் காயவைத்தால் நிறம் வெளுக்கும். சமையலறை ஆகாது, அங்கே ஆவி. இரண்டு, மூன்று வாரத்தில் காம்பை ஒடித்தால் 'படக்' என்று ஒடியும், அதுவே பதம்.

கடலோர ஊரில் உலர்த்துவதற்கு எதிரி காற்றின் ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் முயன்றால் பூஞ்சணம்தான் பிடிக்கும். தை முதல் வைகாசி வரையே தக்க காலம். ஈரக்காற்று ஊரில் உலர்மலர் சாத்தியமா என்று ஐயுறுவோர் தூத்துக்குடியை நினைக்கலாம். இந்தியாவின் உலர்மலர் ஏற்றுமதியில் பெயர் பெற்ற ஊர்களுள் அது ஒன்று. பூவும் காயும் தண்டும் அங்கே பதப்படுத்தப்பட்டுக் கப்பலேறி அயல்நாட்டு வீடுகளை அலங்கரிக்கச் செல்கின்றன. துறைமுகமும் உலர்மலரும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

உலர்ந்த வாடாமல்லி நிறம் மாறாமல் இருக்கிறதே, அதை நாள்தோறும் இறைவனுக்குச் சாத்தலாமா? இங்கேதான் அன்பர்கள் நின்று எண்ண வேண்டும். சாத்தலாகாது என்பதே பெரியோர் வழக்கம். பழம்பூ பூஜைக்கு ஆகாது. வில்வத்துக்கும் துளசிக்கும் மட்டும் அத்தோஷம் இல்லை என்பர். வாடாத தோற்றம் வேறு, புதுமை வேறு. பிளாஸ்டிக் மாலை கூட வாடுவதில்லை. நாள்தோறும் எழுந்து, நீராடி, செடியருகே சென்று, அன்று பூத்ததை அன்று கொய்து சாத்தும் செயலைத்தான் முருக நாயனார் தொண்டாகக் கொண்டார். பிரியேன் என்று ஒரு நாள் சூளுரைப்பது எளிது, மறுநாளும் அங்கேயே இருப்பதே அரிது என்பது மகிழடியில் நிகழ்ந்த வரலாற்றிலும் இருக்கிறது. ஒருமுறை கட்டித் தொங்கவிட்ட உலர்மாலை அந்த மறுநாளை இல்லாமல் செய்துவிடும். ஆகவே உலர்ந்ததை வாசல் தோரணத்துக்கும் கொலுப்படி அலங்காரத்துக்கும் விருந்தினர் அறைக்கும் வைத்துக்கொள்ளலாம். பூஜையறைக்கு அன்றைய பூவே வேண்டும், அது ஒன்றே ஒன்றானாலும் சரி.

மகிழம்பூவின் நிலை சற்று வேறு. உதிர்ந்த பூவைச் சாத்தலாகாது என்னும் வழக்கம் பவழமல்லியையும் மகிழத்தையும் கட்டுப்படுத்துவதில்லை. அவை உதிர்ந்த பின்னரே மனிதர் கைக்கு வருபவை. மகிழம்பூவை நூலில் கோத்துப் பெட்டியில் வைத்தால் நிறம் பழுப்பாகிவிடும், மணம் மட்டும் பல மாதம் நிற்கும். பட்டுப்புடைவைகளின் இடையே மகிழம்பூச் சரம் வைத்த பாட்டிமாருக்கு அது தெரியும். வகுளம் என்பதும் இதன் பெயரே. நம்மாழ்வாருக்கு வகுளாபரணர் என்னும் திருநாமம் இம்மலர் மாலையால் வந்தது. வாடாமல்லி காய்ந்தபின் நிறத்தை வைத்துக்கொண்டு மணமில்லாமல் இருக்கிறது, மகிழம் நிறத்தை விட்டுவிட்டு மணத்தை வைத்துக்கொள்கிறது. இரண்டையும் ஒரு சிறு பித்தளைக் கிண்ணத்தில் கலந்து, சிறிது வெட்டிவேரும் மரிக்கொழுந்துச் சருகும் சேர்த்துக் கூடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சாத்திக் களைந்த நிர்மால்யத்தை என்ன செய்வது என்பதும் கடலோரத்தாரின் பழைய கேள்வி. கடலில் விடுவது வழக்கமாக இருந்தது. பூவும் வாழைநாரும் மட்டும் சென்ற காலத்தில் அலை அதை ஏற்றுக்கொண்டது. இன்று அதனோடு நெகிழிப் பையும் சரிகைத் தாளும் நைலான் நூலும் செல்கின்றன. காசிமேட்டு மீனவர் வலையில் அவை திரும்பி வருகின்றன. கங்கைக் கரையில் கான்பூரில் கோயில்களின் நிர்மால்யப் பூக்களைச் சேகரித்து, உலர்த்திப் பொடித்து ஊதுவத்தியாக்குகிறார்கள். வீட்டில் அவ்வளவு முயற்சி வேண்டியதில்லை. நூலைப் பிரித்துவிட்டு, பூவைக் கால் படாத ஒரு பழைய தொட்டியில் இட்டு, மேலே ஒரு கை மண் தூவிக்கொண்டே வந்தால் சில மாதங்களில் மக்கி எருவாகும். அது மீண்டும் செடிக்கே செல்லட்டும்.

மாசிப் பெருவிழா நிறைந்தபின், மிகச் செழித்த இரண்டு செடிகளில் சில பூக்களைக் கொய்யாமல் விட்டுவிட வேண்டும். பங்குனி வெயிலில் வாடாமல்லி உருண்டையின் அடிப்பகுதி பழுப்பேறித் தளரும். அதைக் கசக்கினால் ஒவ்வொரு செதிலின் அடியிலும் பஞ்சுக்குள் ஒரு விதை இருக்கும். கோழிக்கொண்டையை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தலைகீழாகத் தட்டினால் கருமணிகள் உதிரும். இரண்டையும் நிழலில் மூன்று நாள் காயவைத்து, பழைய திருமண அழைப்பிதழின் உறைகளில் தனித்தனியே இட்டு, மேலே பூவின் பெயரையும் மாதத்தையும் எழுதி, மூடியுள்ள டப்பாவில் சிறிது உலர்ந்த அரிசியோடு வைக்க வேண்டும். அரிசி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சித்திரை பிறந்ததும் பாதியை விதைத்தால் ஆடி வெள்ளிக்கு வடிவுடை அம்மன் சந்நிதிக்கு எடுத்துச் செல்லப் பூ இருக்கும். மறுபாதி கார்த்திகைக்கு.